ஜெர்மன் துரையின் கைக்கடிகாரம்

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் உனக்குக் கணக்கப்பிள்ளை வேலை உறுதியாகிவிட்டது என்ற பகுதியை உன் அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். நான்காம் தடவை அவளே வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு, "இவன் எழும்புறதுக்கே மூணு தரம் கூப்பிடணும். இவன் போயி தோட்டத்தையே எழுப்பப் போறானாமே" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. விடியும்போது தப்புப் பறை அடித்து ஆட்களைப் பெரட்டுக் களத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புகிற வேலை அது. இந்த வட்டவளைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் நான் அதைச் செய்தேன். இனி நீ செய்யப்போகிறாய். எனக்குச் சந்தோஷம்தான். அதை வெளியே காட்டத் தெரியாத ஆள் நான் என்பது உனக்குத் தெரியும்.

கடிதத்தின் அடியில், போகிற போக்கில் கேட்பதுபோல ஒரு வரி எழுதியிருக்கிறாய். ஜெர்மன் துரையின் கைக்கடிகாரத்தை எனக்குத் தருவீர்களா என்று. உன்னை எனக்குத் தெரியாதா? முதலில் யோசித்த வரியைத்தான் நீ கடைசியில் எழுதுவாய். நான்கு நாள் நான் பதில் எழுதவில்லை. தரமாட்டேன் என்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். அந்தக் கடிகாரத்துக்காகத்தான் உன்னை ஒரு தடவை கன்னத்தில் அறைந்தேன். என் வாழ்நாளில் உன்னை அடித்தது அந்த ஒரே தடவை. எதற்காக அடித்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கடிகாரத்தைத் தருவதென்றால் அதையும் சேர்த்துத்தான் தரவேண்டும். அதனால் இந்தக் கடிதம் நீளும். ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

நம் ஸ்டோரில் கொழுந்து அரைக்கப் புது எஞ்சின் வந்தபோது உனக்குப் பத்து வயது இருக்கும். எஞ்சின் ஜெர்மனியில் செய்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஓர் ஆளையும் அனுப்பினார்கள். வெர்னர் என்று பெயர். சனங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஜெர்மன் துரை ஆக்கிவிட்டார்கள். உயரமான மனிதர், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். அவருடைய ஆங்கிலம் நம் தோட்டத்துத் துரையுடைய ஆங்கிலம் போல இல்லை. போர் முடிந்து இங்கிலாந்தில் கைதியாக இருந்தபோது, உருளைக்கிழங்கு கிண்டிக்கொண்டே கற்றுக்கொண்ட ஆங்கிலம் அது. நான் அட்டனில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்த ஆங்கிலமும் அந்த லட்சணம்தான். இரண்டும் நன்றாகப் பொருந்திப் போயின. பின்னேரங்களில் அவர் பக்கத்தில் நின்று ஸ்டோர் ஆட்களுக்கு அவர் பேச்சைத் தமிழில் சொல்லும்படி துரை என்னைப் போட்டார். நான்கு மாதம் அவரோடு நின்றேன்.

அவர் பட்டாளத்தில் லெப்டினன்டாக இருந்தவர், இரண்டு பதக்கம் வாங்கியவர் என்பது இரண்டாம் வாரமே தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவன் நான்தான். அவராகப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை. கேட்டால் சொல்வார், எஞ்சினுக்கு எத்தனை மரையாணி என்று சொல்வதுபோல. ஓர் ஆற்றங்கரை ஊரில் தச்சனுக்குப் பிறந்தவர். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கை வேலை தெரிந்தவர் என்பதால் பாலம் கட்டுகிற படையில் போட்டார்கள். பிரான்சில் படகுகளை வரிசையாகக் கட்டி அதன்மேல் பலகை போட்டுப் பாலம் செய்தாராம். துப்பாக்கியால் ஒரு தடவைகூடச் சுடவில்லையாம். பிறகு ருஷ்யா. அங்கே முதல் பனிக்காலத்தில் இடது காலில் இரண்டு விரல் கருகி விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது அவருக்கு மேலே இருந்தவர்கள் செத்திருந்தார்கள். அதனால் அவரை அதிகாரி ஆக்கினார்கள். "திறமைக்காக இல்லை, நான் மிச்சம் இருந்தேன்" என்றார். சுடுகிற குண்டுக்கு நடுவில் ஓர் ஆற்றுக்கு ஒரே இரவில் பாலம் போட்டதற்கு முதல் இரும்புச் சிலுவை. ஒரு வருஷம் கழித்து, பின்வாங்கி வரும்போது, ஒரு பாலத்தைக் குறித்த நேரத்தில் வெடி வைத்துத் தகர்த்ததற்கு இரண்டாவது, அதைவிடப் பெரியது. காலை பத்து மணிக்குத் தகர்க்க வேண்டும் என்பது கட்டளை. தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, "பத்து என்றால் பத்து. ஒரு நிமிஷம் பிந்தவில்லை. படைத்தலைவர் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லித்தான் பதக்கத்தைக் குத்தினார்" என்றார்.

அந்தக் கதை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று இப்போது தெரிகிறது. நானும் அவரைப்போல நடுவில் நிற்கிறவன். மேலே துரை, கீழே சனம். மேலிருந்து வருகிற கட்டளையைக் கீழே இறக்குவதுதான் என் வேலை. என்னைப்போன்ற ஒருவனுக்கு உலகத்தில் எங்கேயோ பதக்கம் குத்தியிருக்கிறார்கள் என்பது பெரிய விஷயமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து உனக்கும் சொன்னேன். நீ சப்பாத்துக்குப் பூசும் பாலிஷ் டின்னின் மூடியில் ஓட்டை போட்டு, ஊசியால் சட்டையில் குத்திக்கொண்டு லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளோடு ஜெர்மன் துரை விளையாட்டு விளையாடினாய். பத்து எண்ணுவதற்குள் ஓடி வராதவன் செத்தான் என்பது உங்கள் விளையாட்டின் சட்டம். நான் பார்த்துச் சிரித்தேன்.

உங்கள் விளையாட்டை நானும் பெரட்டுக் களத்தில் விளையாடினேன். அதற்கு முன் நான் அவ்வளவு கண்டிப்பானவன் இல்லை. தப்பு அடிக்கிறவன் என் கையைப் பார்த்துக்கொண்டே அடிப்பான். நான் கையைத் தூக்கினால் நிறுத்துவான். தப்பு நின்றபின் வருகிறவர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை, திருப்பி அனுப்பவேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். மேல் லயத்திலிருந்து யாராவது கூடையோடு ஓடி வருவது தெரிந்தால் நான் கையைத் தூக்காமல் கொஞ்சம் தாடியைச் சொறிந்துகொண்டு நிற்பேன். ஜெர்மன் துரையின் கதையைக் கேட்ட பிறகு அதை விட்டுவிட்டேன். ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, நேரம் ஆனதும் கையைத் தூக்கினேன். பிந்தி வந்தவர்களை, "போங்க, நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். ஒரு வாரத்தில் பெரட்டு ஒழுங்காகிவிட்டது. துரை முதல் தடவையாக என் முதுகில் தட்டினார். என் நெஞ்சிலும் ஒரு டின் மூடி தொங்கியது என்று வைத்துக்கொள்.

அஞ்சலையை உனக்குத் தெரியும். கீழ் லயத்தில் கடைசிக் காம்பராவில் குடியிருக்கிறவள். இப்போது தலை நரைத்துவிட்டது. அப்போது அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள், செல்வி என்று. மழைக்காலத்தில் ஒருநாள், தப்பு நின்று, நான் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அஞ்சலை ஓடி வந்தாள். தோளில் கம்பளியால் சுற்றிய பிள்ளை. கையில் கூடை இல்லை.

"ஐயா, புள்ளைக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்க. தொண்ட வேற வீங்கியிருக்கு. ஒரு துண்டு எழுதிக் குடுங்க ஐயா."

கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கமாட்டார்கள். அந்தத் துண்டைப் பெரட்டில்தான் எழுதுவோம். இரண்டும் அந்தக் காலத்து வழக்கம். துண்டுப் புத்தகம் என் கையில்தான் இருந்தது, மகனே. அதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

"பெரட்டு முடிஞ்சிருச்சு. தப்பு நின்னது கேக்கலயா? நாளைக்கு நேரத்தோட வா" என்றேன்.

"பத்து நிமிசந்தானேங்க ஐயா."

"ஒனக்குப் பத்து நிமிசம் குடுத்தா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

அவள் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. டிஸ்பென்சரிக்குப் போய்ப் பார்த்தாள். துண்டு கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி என்னைத் தேடி வந்தாள். நான் அதற்குள் உச்சி மலைக்குப் போய்விட்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் உச்சி மலைக்கு ஏறி வந்தாள். அந்த ஏற்றத்தில் வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். அவள் வந்து நின்றபோது பிள்ளையின் மூச்சு மரம் அறுக்கிற சத்தம் போல இருந்தது. அப்போது எழுதிக் கொடுத்தேன். டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, இது இங்கே முடியாது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார்கள். தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகிற லாரி ஏழு மணிக்கே போய்விட்டிருந்தது. காலையில் நான் துண்டு எழுதியிருந்தால் அந்த லாரியில் பிள்ளை போயிருக்கும். வேறு வண்டி தேடிக்கொண்டிருக்கும்போதே, பகல் சாப்பாட்டு நேரத்துக்கு, செல்வி செத்துப்போனாள்.

லாரியில் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நீ கேட்பாய். தெரியாது. பத்து வருஷமாக நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். துரை என்னை ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி நான் செய்தது சரி. லயத்திலும் யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. உன் அம்மா மட்டும் அன்றைக்கு எனக்குச் சோறு போட்டுவிட்டு, "அந்தத் துண்டு என்னா, தங்கத்துலயா செஞ்சிருக்கு?" என்று கேட்டாள். நான் சாப்பிடாமல் எழும்பிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. உன் முன்னால் அழக்கூடாது என்று ஸ்டோர் பக்கம் நடந்தேன்.

ஜெர்மன் துரை எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து கையில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவரிடம் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. நீ சட்டப்படிதான் நடந்தாய் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் அப்படிச் சொல்லவில்லை. எழும்பிப் போய் எஞ்சினை நிறுத்தினார். திரும்ப வந்து உட்கார்ந்து, எனக்குச் சொல்லாமல் விட்டிருந்த பாதிக் கதையைச் சொன்னார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மாவு மில்லில், காவலுக்குத் தன் ஆட்கள் ஏழு பேரை விட்டிருந்தாராம். பத்து மணிக்கு முன் திரும்பி வந்துவிடவேண்டும் என்று சொல்லித்தான் விட்டார். பத்து மணிக்குச் சற்று முன் ரோட்டு வளைவில் அவர்கள் ஓடி வருவது தெரிந்தது. ஒருவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதனால்தான் பிந்தியது. ஒரு சிகரெட் குடித்து முடிக்கிற நேரம் பொறுத்திருந்தால் போதும். அவர்களுக்குப் பின்னால் தூசி எழும்பியதைப் பார்த்து எதிரியின் டாங்கிகள் என்று நினைத்தார். உண்மையில் அது காற்று. எதிரி மறுநாள் காலையில்தான் ஆற்றங்கரைக்கு வந்தானாம். ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தது. "நான் ரோட்டைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றார். பத்தானதும் வெடியை அழுத்தினார். அந்த ஏழு பேரில் ஒருவனும் திரும்பவில்லை. அந்தக் காலையின் பெயரால்தான் பெரிய பதக்கம். போர் முடிந்து ஊருக்குப் போனபோது அந்த ஏழு பேரில் வயதில் இளைய பையனின் தாய் வந்து, என் மகன் எப்படிச் செத்தான் என்று கேட்டாளாம். வீரமாகச் செத்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

நான் அந்த மனிதரை உயர்த்திப் பேச வரவில்லை. பின்வாங்கி வந்த வழியில் ஊர்களின் வைக்கோல் கூரைகளுக்கு அவருடைய ஆட்கள் நெருப்பு வைத்ததையும் அவரே சொன்னார். உள்ளே ஆள் இருந்ததா என்று பார்க்கவில்லையாம். அதற்கு எங்களுக்குப் பதக்கமும் இல்லை, தண்டனையும் இல்லை என்றார், அதே மரையாணி எண்ணுகிற குரலில். அவரை மன்னிக்க நான் யார்? அது அந்த ஊர்க்காரர்களின் வேலை. அவரும் என்னை மன்னிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. பிறகு அவர் எஞ்சினை ஓடவிட்டார்.

எஞ்சின் வேலை முடிந்து அவர் புறப்பட்டபோது வட்டவளை ஸ்டேஷன் வரை நான் போனேன். நீயும் வந்தாய், டின் மூடியைக் குத்திக்கொண்டு வந்து அவருக்குச் சல்யூட் அடித்தாய். அவர் உன் சட்டையிலிருந்து அந்த மூடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார். நீ அழப் பார்த்தாய். அவரைப் பிடித்த சிப்பாய்கள் பதக்கங்களை ஞாபகப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். கடிகாரத்தை மட்டும் காலுறைக்குள் ஒளித்துக் காப்பாற்றி வைத்திருந்தார். அதைக் கழற்றி என் கையில் வைத்தார். "நல்ல கடிகாரம். சரியாக ஓடும். அதுதான் அதன் குறை" என்றார். ரயில் வந்தது, ஏறினார், போய்விட்டார். அதன் பிறகு கடிதம் ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் பின்னுக்குத் திருப்பி வைத்தேன். மறுநாளிலிருந்து அதைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினேன். அதாவது எல்லா நாளும் பத்து நிமிஷம் பிந்தித் தப்பு நின்றது. ஒரு மாதத்தில் துரை கண்டுபிடித்துவிட்டார். "என்னா கணக்கப்பிள்ளை, உன் கடிகாரம் தூங்குது?" என்று அவருடைய தமிழில் கேட்டார். குளிரில் பிந்துகிறது துரை, ஜெர்மன் சாமான் என்றேன். ஜெர்மன் சாமான் மட்டம் என்று கேட்பதில் அந்த இங்கிலீஷ்காரருக்கு எவ்வளவு சந்தோஷம்! வேறு வாங்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வாங்கவில்லை. அதற்குப் பிறகு வந்த துரை பெரட்டில் எல்லோர் முன்னாலும் ஏசினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

உனக்குப் பதின்மூன்று வயதில் நீ என்ன செய்தாய்? அப்பாவின் கடிகாரம் பிந்துகிறதே, பாவம் என்று நினைத்து, ஒருநாள் இரவு ரேடியோவில் செய்திக்கு முன் அடிக்கிற மணியைக் கேட்டு அதைச் சரியாக வைத்தாய். கண்ணாடியையும் துடைத்து, விடியும் முன் நான் பெரட்டுக்குப் புறப்படும்போது வாசலிலேயே நின்று பெருமையோடு என்னிடம் நீட்டினாய். அன்று காலை பெரட்டுக்கு ஓடி வந்த ஒரு கிழவனை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். ஏன் இன்றைக்கு இத்தனை பேர் பிந்தினார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவனிடம், கடிகாரத்தை நான்தான் சரியாக வைத்தேன் என்று நீ சொன்னாய். அறைந்துவிட்டேன். நல்லது செய்த பிள்ளையை அடித்தேன். உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கவேண்டும். அஞ்சலையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெர்மன் துரையின் மிச்சக் கதையை நீ கேட்டால் என்னையும் அந்தக் கண்ணோடு பார்ப்பாய் என்று பயந்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தகப்பன் மகனிடம் கேட்பது நம் பக்கத்தில் வழக்கமில்லைதான். இருக்கட்டும்.

இந்தக் கதை என்னோடு முடியட்டும், கடிகாரத்தை ஆற்றில் போடலாம் என்றுதான் முந்தாநாள்வரை நினைத்திருந்தேன். உனக்கு வேலை கிடைத்த செய்தி கேட்டு நேற்றுக் காலையில் அஞ்சலை வந்தாள். செல்வி செத்ததிலிருந்து அவள் ஒருநாள்கூடப் பெரட்டுக்குப் பிந்தியதில்லை. மற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்பாள். அவளை அப்படிப் பார்ப்பது எனக்கு எத்தனை வருஷத் தண்டனை என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாது. நம் வீட்டு வாசலுக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. வெற்றிலையை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பிக்கு அந்தக் கடியாரத்த குடுத்து அனுப்புங்க ஐயா."

"எந்தக் கடியாரம்?" என்றேன்.

"பிந்துற கடியாரந்தாங்க. அது ஏன் பிந்துதுன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியுங்க. எம்புள்ள பேருல பத்து நிமிசம் இருக்குன்னு நான் நெனச்சுக்குவேன். அந்தத் தோட்டத்துலயும் புள்ளக்காரிங்க இருப்பாங்கல்ல."

உன் அம்மா அவளை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள்.

அதனால் அனுப்புகிறேன். துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, உன் அம்மா செய்த முறுக்கோடு கட்டியிருக்கிறேன். துண்டுப் புத்தகத்தை ஆபீஸ் மேசையில் வைக்காதே, சட்டைப்பையில் வை. எந்த மலையில் எந்த நேரத்தில் கேட்டாலும் எழுதிக் கொடு. உன் துரை ஏசினால் ஏசிவிட்டுப் போகட்டும், ஏச்சில் யாரும் செத்ததில்லை. பார்சல் வந்து சேரும்போது கடிகாரம் நின்றுபோயிருக்கும். சாவி கொடுத்து, சரியான நேரம் கேட்டு, அதிலிருந்து பத்து நிமிஷம் பின்னுக்கு வைக்கவேண்டியது நீ. அதை உனக்காக நான் செய்து அனுப்ப முடியாது. வைத்தாயா என்று கேட்கவும் மாட்டேன். முதல் நாள் பெரட்டில் தப்புக்காரன் உன் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். கையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு தடவை ரோட்டைப் பார்.

அப்பா